கலிலியோவைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

விடிவெள்ளி:

எல்லாருக்கும் வணக்கம். எட்டு வயதிலிருந்து பதினோரு வயது வரை பன்னிரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கதை சொல்கிறேன். போன மாதம் விஞ்ஞானிகள் வரிசை என்று ஆரம்பித்து, முதல் ஆளாகக் கலிலியோவை எடுத்தேன். நன்றாகச் சொதப்பினேன்.

நான் சொன்னது நம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பைசா கோபுரத்தின் உச்சியில் ஏறி இரண்டு குண்டுகளைக் கீழே போட்டார். தொலைநோக்கியைக் கண்டுபிடித்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றார். திருச்சபைக்குக் கோபம் வந்தது. ரோமுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மண்டியிட வைத்து, 'நான் சொன்னது தவறு' என்று சொல்ல வைத்தார்கள். எழுந்திருக்கும்போது வாய்க்குள்ளேயே, 'ஆனாலும் அது சுற்றத்தான் செய்கிறது' என்று முணுமுணுத்தார். இந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று கொஞ்சம் நிறுத்தினேன்.

கைதட்டல் வரவில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "வாய்க்குள்ளேயே சொன்னது மத்தவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதைச் சமாளிப்பதற்குள் என் மகளே ஆரம்பித்துவிட்டாள். "அப்போ சத்தமா சொன்னது பொய்யா? பயந்து பொய் சொன்னவரை ஏம்மா பெரிய ஆளுன்னு சொல்றோம்?"

நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் பார்ப்போம் என்று எழுந்துவிட்டேன். நேரம் இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

மறுபடியும் முதலிலிருந்து சொல்லலாம் என்று இருக்கிறேன். எங்கே தொடங்குவது? விசாரணையை இந்த வயதில் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம்? நான் சொன்னதில் எது உண்மை, எது கட்டுக்கதை? என்னிடம் தொலைநோக்கி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வானம்பார்த்தவன்:

அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள். 1633 விசாரணைப் பதிவுகளில் அந்த முணுமுணுப்பு இல்லை. அது அச்சில் வந்தது 1757-இல், லண்டனில் வெளியான ஒரு புத்தகத்தில். அதற்குள் கலிலியோ இறந்து 115 வருடம் ஆகிவிட்டது.

கோபுரக் கதையும் ஆட்டம் காண்கிறது. அதை எழுதி வைத்தவர் விவியானி என்ற சீடர். 1639-இல் வந்து சேரும்போது அவருக்கு வயது 17, கலிலியோவுக்கு 75. கலிலியோ பைசாவில் பாடம் எடுத்தது 1589 முதல் 1592 வரை. அதாவது சீடர் பிறப்பதற்கு முப்பது வருடத்துக்கு முந்தைய சம்பவம், அதை அவர் எழுதியது 1654-இல். கலிலியோவோ தன் புத்தகங்கள் எதிலும் பைசா கோபுரத்திலிருந்து குண்டு போட்டதாகச் சொல்லவில்லை. போட்டிருக்கவே மாட்டார் என்று சாதிக்க முடியாது. ஆனால் 'போட்டார்' என்று அடித்துச் சொல்லாமல், 'போட்டதாக அவருடைய மாணவர் எழுதியிருக்கிறார்' என்று சொல்லலாம். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

தொலைநோக்கியைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. 1608-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற மூக்குக்கண்ணாடிக்காரர் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கலிலியோவுக்குச் செய்தி எட்டியது அடுத்த வருடம். அவர் அதைப் பலமடங்கு மேம்படுத்தினார், வானத்தை நோக்கித் திருப்பினார், பார்த்ததை உடனே அச்சேற்றினார். திருப்பியதிலும் முதல் ஆள் இல்லை. இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் சில மாதங்கள் முன்னாலேயே நிலாவைப் பார்த்துப் படம் வரைந்திருக்கிறார். ஆனால் அவர் வரைந்தது வளைந்து நெளிந்த ஒரு கோடு மட்டும்தான். அது மலையின் நிழல் என்று கலிலியோவுக்குத்தான் பிடிபட்டது.

மற்றதைப் பழைய சாக்பீஸ் ஐயா சொல்வார். இது அவருடைய ஏரியா.

பழைய சாக்பீஸ்:

வானம்பார்த்தவன் கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சரி, வருகிறேன்.

அம்மா, நீங்கள் சொதப்பவில்லை. நான் சொதப்பியதைக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 'கலிலியோ மீது விசாரணை' என்று நாடகம் போட்டேன். நீதிபதிக்குக் கறுப்பு அங்கி. ஒத்திகையின்போதே எல்லாப் பையன்களுக்கும் நீதிபதி வேஷம்தான் வேண்டும். கலிலியோவாக நடித்தவன் முட்டி வலிக்கிறது என்று அழுதான். நாடகத்துக்கு ஏகப்பட்ட பாராட்டு. அப்புறம் பரீட்சையில், 'கலிலியோ எதைக் கண்டறிந்தார்?' என்று கேட்டிருந்தேன். ஒரு பிள்ளை எழுதிய விடை, 'ஜெயில்.'

அந்தத் தாளில் மார்க் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தப்பு அவன் மேல் இல்லை. கலிலியோ ஒன்றைப் பார்த்தார் என்பதைக் காட்டாமல், பார்த்ததற்காக என்ன பாடுபட்டார் என்பதை மட்டும் காட்டியிருக்கிறேன். அதிலிருந்து கதையை ரோமில் ஆரம்பிப்பதை விட்டேன். 1610 ஜனவரி 7-ஆம் தேதி ராத்திரியில், அவர் அப்போது இருந்த பாதுவா நகரில் ஆரம்பிப்பேன்.

எப்படி என்று சொல்கிறேன். கறுப்பு அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள் வட்டம். அது வியாழன். நட்சத்திரத்துக்குச் சாக்பீஸ் புள்ளி போதும். அவருடைய புத்தகத்திலும் படம் இவ்வளவுதான், ஒரு வட்டமும் பக்கத்தில் சில நட்சத்திரக் குறிகளும். முதல் அட்டை, ஜனவரி 7: வட்டத்துக்குக் கிழக்கே இரண்டு புள்ளி, மேற்கே ஒன்று, எல்லாம் ஒரே கோட்டில். அன்றைக்கு அவ்வளவுதான் காட்ட வேண்டும். விளக்கம் எதுவும் வேண்டாம். பின்னால் இருக்கும் நட்சத்திரங்கள் என்றுதான் கலிலியோவே நினைத்தார்.

மறுநாள் அட்டை, 8-ஆம் தேதி: மூன்று புள்ளியும் மேற்கே. இங்கே பிள்ளைகள் பேச ஆரம்பிப்பார்கள். நட்சத்திரம் இடம் மாறாது, அதனால் வியாழன்தான் நகர்ந்து போயிருக்கிறது என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். கலிலியோவும் அப்படித்தான் யோசித்தார். ஆனால் அந்த நாட்களில் வியாழன் எதிர்த் திசையில் அல்லவா போக வேண்டும் என்று, கோள்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் எனச் சொல்லும் கணக்குப் பட்டியல்கள் சொல்லின. குழம்பிப்போனார்.

9-ஆம் தேதி அட்டையில் ஒன்றும் இருக்காது. வட்டம்கூட இருக்காது. அன்றைக்கு வானம் முழுக்க மேகம். இந்தக் காலி அட்டையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என் வகுப்பில் ரொம்பப் பேசப்பட்ட அட்டை அதுதான்.

10-ஆம் தேதி: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்றும் இல்லை. வியாழன் நகர்ந்ததால்தான் புள்ளிகள் இடம் மாறின என்றால், அது முன்னாலும் பின்னாலும் குதித்திருக்க வேண்டும். அப்படிக் குதிக்காது. அப்போது நகர்வது எது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை அவசரப்பட்டு விடையைச் சொல்லி, ஒரு பெண்பிள்ளை வாய் வரைக்கும் கொண்டுவந்ததைக் கெடுத்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. காணாமல் போன மூன்றாவது புள்ளி எங்கே என்றும் கேட்பார்கள். வியாழனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்றுதான் கலிலியோ நினைத்தார்.

நேரம் இல்லையென்றால் அங்கிருந்து நேராக 13-க்குத் தாவலாம். அன்றைக்குப் புள்ளி நான்கு! கிழக்கே ஒன்று, மேற்கே மூன்று. நான்கும் வியாழனைச் சுற்றும் நிலாக்கள். உள்ளே இருக்கும் அயோ ஒரு சுற்றை முடிக்க ஒன்றே முக்கால் நாள், வெளியே இருக்கும் கலிஸ்டோவுக்குக் கிட்டத்தட்ட பதினேழு நாள். மார்ச் 13-ஆம் தேதி வெனிஸில் புத்தகமே வந்துவிட்டது. முதல் புள்ளியைப் பார்த்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

இந்த நான்கு புள்ளிக்கு ஏன் இவ்வளவு அமர்க்களம் என்பதைப் பிள்ளைகள் மொழியில் சொல்லலாம். பூமி ஓடினால் நிலா பின்தங்கிவிடாதா என்று அன்றைக்குப் பெரியவர்களே கேட்டார்கள். நல்ல கேள்விதான். பூமி ஓடுகிறது என்பவர்கள், ஓடவில்லை என்பவர்கள், இரண்டு கட்சியும் வியாழன் ஓடுகிறது என்பதை ஒத்துக்கொள்ளும். அது ஒன்றல்ல, நான்கு நிலாவை இழுத்துக்கொண்டு ஓடுகிறதே! நான்கு பிள்ளைகளை ஒருவனைச் சுற்றி ஓட விட்டு, நடுவில் இருப்பவனையும் நடக்கச் சொல்லுங்கள். யாராவது இடித்துக்கொண்டு விழுவார்கள். விழட்டும்.

தொலைநோக்கி இல்லை என்றீர்கள். வீட்டில் வயதானவர்கள் படிக்கப் போடும் கண்ணாடி ஒன்று, கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். படிக்கும் கண்ணாடி பிளஸ் 2 பவர் என்றால், அதைக் கை நீட்டிப் பிடியுங்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடி, மைனஸ் 5 பவர், அதைக் கண்ணுக்கு ஒட்டி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஓர் அடி, 30 சென்டிமீட்டர். முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓர் இடத்தில் தூரத்துப் பலகை எழுத்து சட்டென்று கிட்டே வரும். இரண்டரை மடங்கு. கலிலியோ முதலில் செய்தது மூன்று மடங்குதான், அதுவும் இதே வகை: முன்னால் குவிலென்ஸ், கண் பக்கம் குழிலென்ஸ். எங்கள் பள்ளியில் மைனஸ் 5 வைத்திருந்த ஒரே ஆள் கணக்கு வாத்தியார். அந்த ஒரு பீரியட் முழுக்க அவர் கண்ணாடி நாற்பது கைக்குப் போய்வந்தது. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "யாருப்பா அது, யாருப்பா அது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சூரியன் பக்கம் மட்டும் ஒரு வினாடிகூடத் திருப்பக் கூடாது. இதை முதலில் சொல்லி, நடுவில் சொல்லி, கடைசியிலும் சொல்லுங்கள்.

அவர் அங்கேயே நிற்கவில்லை. 1609 ஆகஸ்டில் எட்டு மடங்கோ ஒன்பது மடங்கோ பெருக்கும் குழாயோடு வெனிஸ் பெரியவர்களைச் சான் மார்கோ மணிக்கூண்டில் ஏற்றினார். வெறும் கண்ணுக்குத் தெரிய இன்னும் இரண்டு மணி நேரம் ஆகக்கூடிய கப்பல்கள் அதில் தெரிந்தன. சம்பளம் ஆயிரம் புளோரின் ஆனது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. பணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசத் தயங்காதீர்கள். மனுஷன் கடனில் இருந்தார். அப்பா 1591-இல் போனபின் தங்கைக்குச் சீதனப் பாக்கி இவர் தலையில். பாடம் கேட்க வருபவர்களை வீட்டிலேயே தங்கவைத்துச் சம்பாதித்தார், கணக்குப் போடும் கருவி செய்து விற்றார். கடன்காரக் கலிலியோ என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிடுகிறார்.

இனி விசாரணை. மறைக்க வேண்டாம், கடைசியில் சொல்லுங்கள். ஆனால் கெட்டவர்கள் கும்பல், நல்லவர் ஒருவர் என்று சொல்லாதீர்கள். அது நடந்ததும் இல்லை. 1616-இலேயே அவரைக் கூப்பிட்டு, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் கொள்கையைப் பிடித்துக்கொண்டிருக்காதே, அதற்காக வாதாடாதே என்று எச்சரித்திருந்தார்கள். பிறகு, அவர்மேல் மதிப்பு வைத்திருந்த ஒருவரே எட்டாம் உர்பன் என்ற பெயரில் போப் ஆனார். இனிப் பயமில்லை என்று நினைத்து அதைப் பற்றியே 1632-இல் புத்தகம் போட்டார், அதுவும் அனுமதி வாங்கித்தான். மூன்று பேர் நான்கு நாள் பேசிக்கொள்கிற மாதிரி எழுதினார். போப் சொல்லிவந்த வாதத்தை அதில் யார் வாயில் வைத்தார் தெரியுமா? எப்போதும் தோற்றுப்போகிற சிம்பிளிச்சியோ வாயில். அந்தப் பெயரைக் கேட்டாலே 'அப்பாவி' என்கிற மாதிரி காதில் விழும். "நம்ம பேச்சை எடுத்து யாராவது கோமாளி வாயில் வெச்சா எப்படி இருக்கும்?" என்று வகுப்பில் கேட்பேன். எல்லாப் பிள்ளைக்கும் உடனே புரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் கையில் அன்றைக்கு அசைக்க முடியாத ஆதாரம் இல்லை. கடல் ஏறி இறங்குவது பூமி சுற்றுவதால்தான் என்று பெரிதாக வாதாடினார். அது தப்பு. கோள்கள் நீள்வட்டத்தில் போகின்றன என்று அதே காலத்து வானியலாளர் கெப்ளர் எழுதியதை ஏற்கவும் இல்லை. பூமி நகர்வதால் ஒரு நட்சத்திரம் லேசாக இடம் மாறித் தெரிவதை முதன்முதலில் பெஸ்ஸல் என்ற வானியலாளர் அளந்து காட்டியது 1838-இல். ஆதாரம் முழுசாக இல்லாதபோது ஒருவரை வாயடைப்பது சரியா என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுக்காரர்கள் சண்டையே போடுவார்கள்.

உங்கள் மகள் கேட்டதற்கு நான் சொல்லும் பதில் இதுதான்: ஆமாம், பயந்தார். ஆமாம், நம்பாததைச் சொன்னார். 1633 ஜூன் 22, வயது 69, மண்டியிட்டு வாசித்தார். திருச்சபைக்கு மாறான கருத்துகளைச் சொன்ன புருனோ என்பவரை ரோமில் உயிரோடு எரித்து முப்பத்துமூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதை எட்டு வயதுப் பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை, கேட்டால் மறைப்பதும் இல்லை. இருட்டுச் சிறை, கண்ணைக் குருடாக்கியது எல்லாம் பிற்பாடு சேர்த்த மசாலா. கிடைத்தது வீட்டுக்காவல். முதலில் சியன்னாவில், அப்புறம் புளோரன்ஸுக்கு வெளியே ஆர்ச்செத்ரியில், சாகும்வரை. அந்த வீட்டிலிருந்து அவர் எழுதி அனுப்பிய புத்தகம் 1638-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் அச்சானது. பொருள்கள் எப்படி விழுகின்றன என்பதன் கணக்கு அதில்தான் முழுசாக இருக்கிறது.

தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. மிச்சத்தை மற்றவர்கள் சொல்லட்டும்.

இரு பெண்களின் அப்பா:

ஐயா அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். அவருடைய மூத்த மகள்.

கலிலியோவுக்கும் மரீனா காம்பாவுக்கும் மூன்று பிள்ளைகள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் பிறந்த பெண்களுக்கு வரன் கிடைப்பது கஷ்டம் என்று, விர்ஜீனியா, லிவியா இருவரையும் சின்ன வயதிலேயே கன்னியர் மடத்தில் விட்டுவிட்டார். விர்ஜீனியா அங்கே எடுத்துக்கொண்ட பெயர் மரிய செலஸ்தே. வானம் என்கிற சொல்லிலிருந்து வரும் பெயர். அவர் அப்பாவுக்கு எழுதிய 124 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அப்பா எழுதியவை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தக் கடிதங்களில் வானம் குறைவு, வீடு அதிகம். சட்டைக் காலர் தைத்துத் தருவது, பழத்தைச் சர்க்கரையில் ஊறவைத்து அனுப்புவது, மடத்துக் கடிகாரம் ஓடவில்லை பாருங்கள் என்று அப்பாவிடம் அனுப்புவது. தண்டனையின் ஒரு பகுதியாக, மூன்று வருடம் வாரம் ஒரு தடவை பைபிளிலுள்ள ஏழு சங்கீதங்களை ஓத வேண்டும் என்று கலிலியோவுக்கு விதித்தார்கள். அதை மகள் தன் தலையில் வாங்கிக்கொண்டார். 1633 டிசம்பரில் அப்பா வீடு திரும்பினார், 1634 ஏப்ரல் 2-ஆம் தேதி மகள் இறந்துபோனார். வயது 33.

என் பெரியவளுக்கு இதைச் சொன்னபோது முதல் கேள்வி, "அவங்களுக்கு மடத்துக்குப் போக இஷ்டமான்னு கேட்டாங்களா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்கப்புறம்தான் கலிலியோ அவளுக்குச் சிலையாக இல்லாமல் ஒரு அப்பாவாக ஆனார். கொஞ்சம் கோபத்துக்குரிய அப்பாவாக.

வானம்பார்த்தவன்:

இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, ஒரு 10x50 பைனாகுலரை சுவரிலோ முக்காலியிலோ ஆடாமல் வைத்தால் வியாழனின் நிலாக்கள் தெரியும். கையில் பிடித்தால் புள்ளிகள் நடனமாடும். அடுத்தடுத்த இரண்டு ராத்திரி பார்த்து வரையச் சொல்லுங்கள். சாக்பீஸ் ஐயாவின் அட்டை அப்படியே உயிர்பெறும்.

இரண்டு, சனியை விடாதீர்கள். கலிலியோவின் குழாயில் அதன் வளையம் வளையமாகத் தெரியவில்லை, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்ட இரண்டு உருண்டையாகத் தெரிந்தது. 1612-இல் பார்த்தால் அவற்றைக் காணோம்! சனி தன் பிள்ளைகளை விழுங்கிவிட்டதோ என்று ஒரு கடிதத்தில் எழுதினார். வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி நின்றதுதான் விஷயம். அது வளையம் என்று ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி விளக்கிப் புத்தகம் போட்டது 1659-இல். சனியின் படம் ஒன்றை எண்ணெய்த் தாளுக்கு அடியில் மங்கலாக வைத்து, தெரிவதை மட்டும் வரையச் சொல்லுங்கள். பாதிப் பேர் காது வைத்த முகம் வரைவார்கள்.

விடிவெள்ளி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டைகளைத் தினம் ஒன்றாகப் படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்றாவது நாள் காலி அட்டை போட்டதும் நான்கு அம்மாக்கள் படம் வரவில்லை என்று போன் செய்தார்கள். மேகம் என்று சொல்லச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி ஒரு குட்டிப் பெண் தன் அட்டையில் சாம்பல் நிற கிரேயானால் மேகம் தீட்டி, மூலையில் மூக்கைச் சிந்தும் தாத்தா ஒருவரை வரைந்து அனுப்பியிருந்தாள். ஜனவரிக் குளிரில் மொட்டை மாடியில் நின்று சளி பிடித்துவிட்டதாம் கலிலியோவுக்கு.

10-ஆம் தேதி அட்டைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன் ஐயா, நிஜமாகவே. 'வாய்க்குள்ளேயே' கேள்வி கேட்ட பையன்தான் சனிக்கிழமை வந்ததும் வராததுமாக, "நடுவுல இருக்கறது அம்மா, சுத்தி ஓடறது பிள்ளைங்க, சரியா?" என்றான். அப்புறம் ஓடிப்பார்த்தார்கள். இரண்டு முட்டி சிராய்ப்பு.

கண்ணாடித் தொலைநோக்கியும் செய்தோம். என் கண்ணாடி மைனஸ் நாலரை. கணக்கு வாத்தியார் நிலைமைதான் எனக்கும்.

போன வாரம் விசாரணை. சொல்லி முடித்துவிட்டு, "பயந்தார், நம்பாததைச் சொன்னார்" என்று என் மகளைப் பார்த்தே சொன்னேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பேசவில்லை. இதுவரை வாயே திறக்காத ஒரு பையன், தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் உடைக்காததை உடைச்சேன்னு ஒருதடவை ஒத்துக்கிட்டேன். வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு" என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் மகள் நகர்ந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மரிய செலஸ்தே பற்றி அடுத்த வாரம் தனியாகச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். அதற்குள் இன்னொரு கேள்வி மாட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்குக் கடைசியில் பார்வை போய்விட்டது என்று சொன்னதும், "சூரியனைப் பார்த்ததாலயா?" என்று ஒரு பிள்ளை, "கண்ணு தெரியாம எப்படிப் புத்தகம் எழுதினார்?" என்று இன்னொரு பிள்ளை. ஐயா, காப்பாற்றுங்கள்.

பழைய சாக்பீஸ்:

சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகளைப் பெரும்பாலும் குழாய் வழியாக வரும் வெளிச்சத்தைத் தாளில் விழவைத்துத்தான் வரைந்தார். அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய மாணவர் கஸ்தெல்லி. பார்வை முழுசாகப் போனது அதற்கெல்லாம் இருபத்தைந்து வருடம் கழித்து, எழுபது வயதைத் தாண்டி, கண் நோயால். லைடன் புத்தகத்தின் வேலை பெரும்பாலும் அதற்குள் முடிந்திருந்தது. அப்புறம் வந்ததையெல்லாம் வாயால் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள். அந்தப் பதினேழு வயதுப் பையன் விவியானி அப்படி வந்தவர்தான். 1641-இல், இறப்பதற்கு முந்தைய வருடம், ஊசல் வைத்த கடிகாரம் ஒன்றை மனசுக்குள்ளேயே கட்டி, மகன் வின்செஞ்சோவிடம் விவரித்தார். அதன் படம் இன்றும் இருக்கிறது.

சனிக்கிழமைக்கு ஒன்று செய்யுங்கள். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, கையில் ஒரு பூட்டையோ டார்ச்சையோ கொடுங்கள். அது என்ன என்று பெயர் சொல்லக் கூடாது, தடவிப் பார்த்து வாயால் விவரிக்க மட்டும் வேண்டும். இன்னொரு பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்து, கேட்டதை அப்படியே வரையட்டும். பூட்டு வேண்டாம், சாவித் துவாரத்தை விவரிப்பதற்குள் சண்டை வந்துவிடும். டார்ச்சே கொடுங்கள்.